திருவிழா இல்லாத நாளில் தேரை யார் இழுப்பது?

இரவு பதினொரு மணி இருக்கும். லேப்டாப்பில், யூடியூபுக்கு மாற்றான பியர்டியூபில் வீடியோ ஒன்றைத் திறந்தேன். பிளேயரின் கீழ்ப்பட்டையில் சின்ன எழுத்தில் 'எச்.டி.டி.பி.' என்று இருந்தது. வீடியோ நேராக சர்வரிலிருந்து வருகிறது, கூடப் பார்ப்பவர் யாருமில்லை என்று அர்த்தம். பக்கத்தில் கிடந்த செல்போனை எடுத்து, வீட்டு வைஃபையில் அதே வீடியோவை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த எழுத்துகள் மறைந்து '1' என்ற எண் வந்து உட்கார்ந்தது. போனுக்கு வேண்டிய துண்டுகளில் சில இனி ஐரோப்பாவில் எங்கோ இருக்கும் சர்வரிலிருந்து வரத் தேவையில்லை. ஓரடி தள்ளியிருக்கும் லேப்டாப்பே கொடுத்துவிடும்.

அந்த '1' தான் பியர்டியூப் பிறந்ததற்கே காரணம். பிறந்த பிறகு அதிலிருந்து அது எவ்வளவு தூரம் விலகி வந்துவிட்டது என்பதுதான் எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுகிறது.

முதலில் ஒரு கணக்கு. பத்து நிமிட வீடியோ ஒன்றை நொடிக்கு 5 மெகாபிட் என்ற நல்ல தரத்தில் அனுப்பினால் ஒருவருக்கு 375 மெகாபைட் ஆகும். பத்தாயிரம் பேர் பார்த்தால் மூன்றே முக்கால் டெராபைட். கட்டுரையோ கவிதையோ எழுதி இணையத்தில் போடுவதற்குக் காசு பெரிதாக ஆகாது. வீடியோ அப்படியில்லை, பிரபலமாக ஆகக் கையைக் கடிக்கும். 2005இல் தொடங்கிய யூடியூபை அடுத்த ஆண்டே கூகுள் 165 கோடி டாலருக்கு வாங்கியபோது, இந்தச் செலவையும் சேர்த்தே வாங்கியது. அவ்வளவு பெரிய தோள் இல்லாதவர்கள் என்ன செய்வது?

அதற்கு ஒரு விடை 2001இலேயே இருந்தது. பிராம் கோஹன் எழுதிய பிட்டோரண்ட், ஊர் கூடித் தேர் இழுக்கிற கணக்கு. கோப்பைத் துண்டு துண்டாக்கி, முதல் துண்டைப் பெற்றவர் அதை அடுத்தவருக்குக் கொடுப்பார். வாங்குபவர்கள் கூடக் கூட, கொடுப்பவர்களும் கூடுவார்கள். திருட்டுப் படங்களால் டோரண்டுக்குக் கெட்ட பெயர் வந்தது வேறு கதை. பின்னாளில், வீடியோ அழைப்புகளுக்காக பிரவுசர்களுக்குள் வெப்ஆர்டிசி என்ற வசதி வந்தது. இரண்டு பிரவுசர்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ள அது வழிசெய்தது. அதன் மேல் டோரண்டை ஏற்றி, தனி மென்பொருள் எதையும் நிறுவாமலே பகிரச் செய்தது வெப்டோரண்ட். இதைக் கையில் எடுத்துக்கொண்டு 2015இல், 'சோக்கோபாஸ்' என்ற புனைபெயரில் இயங்கும் பிரெஞ்சு புரோகிராமர் ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதத் தொடங்கியதுதான் பியர்டியூப்.

ஓய்வு நேர வேலையை முழுநேர வேலையாக்கியது ஃபிராமாசாஃப்ட். பிரான்ஸின் லியோன் நகரைச் சேர்ந்த இந்த அமைப்பு நன்கொடையில் ஓடுவது. ஊழியர்கள் பத்துப் பேர் அளவில்தான். கூகுளின் பிடியிலிருந்து இணையத்தை விடுவிப்போம் என்று 2014இல் ஓர் இயக்கமே தொடங்கி, கூகுள் சேவைகளுக்கு மாற்றாகத் திறமூல மென்பொருள்களை ஒவ்வொன்றாக முன்வைத்தார்கள். அந்த வரிசையில் தேறாமல் நின்றவற்றில் ஒன்று யூடியூப். 2017இல் சோக்கோபாஸை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதன்பின் ஐந்தாறு ஆண்டுகளுக்கு பியர்டியூபுக்குச் சம்பளம் வாங்கும் புரோகிராமர் அவர் ஒருவர்தான். இரண்டாமவர் 2023இல்தான் வந்தார். யூடியூபுக்கு எதிரே ஒரே ஆள்!

அதிர்ஷ்டம் 2018 ஜூனில் வேறு வாசல் வழியாக வந்தது. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் பிளெண்டர் அறக்கட்டளை, முப்பரிமாண அனிமேஷனுக்கான இலவச மென்பொருளை உருவாக்குவது. அதன் யூடியூப் சேனலில் விளம்பரமே கிடையாது. ஒருநாள் அதன் வீடியோக்கள் உலகம் முழுவதும் முடங்கின. புதிய ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட யூடியூப் கேட்கிறது என்று பிளெண்டர் வெளிப்படையாகச் சொன்னது. எம்.ஐ.டி.யின் பாட வீடியோக்களுக்கும் அதே சமயத்தில் அதே கதி. சில நாளில் எல்லாம் திரும்பிவிட்டன. அதற்குள் பிளெண்டர் தன் சொந்த பியர்டியூப் தளத்தைத் திறந்துவிட்டது. அப்போது 20,000 யூரோ கேட்டு ஃபிராமாசாஃப்ட் நிதி திரட்டிக்கொண்டிருந்தது. கிடைத்தது 53,100 யூரோ. அக்டோபரில் முதல் முழுப் பதிப்பு வெளியானது.

இனித்தான் சிக்கல். தேரை இழுக்க ஊர் கூட வேண்டும். ஊர் கூடுவது திருவிழா அன்று மட்டும். வீடியோக்களில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒருவர் பார்ப்பவை. நம் வீட்டு இரவு பதினொரு மணிபோலத்தான் அவற்றின் நிலைமை. வடம் பிடிக்க ஆளே இல்லை. பார்ப்பவர் பிரவுசரை மூடிய கணத்தில் அவர் கொடுத்துக்கொண்டிருந்த துண்டும் போய்விடும். கல்லூரி, அலுவலக நெட்வொர்க்குகள் பலவற்றில் இந்த நேரடிப் பேச்சுக்கே அனுமதி இல்லை. போதாக்குறைக்கு, துண்டைப் பரிமாறிக்கொள்பவர்களுக்கு ஒருவர் ஐ.பி. முகவரி இன்னொருவருக்குத் தெரியவரும். இன்ன வீடியோவை இன்னார் பார்க்கிறார் என்று நோட்டம் விட நினைப்பவனுக்கு அது வசதி.

பியர்டியூப் குழு என்ன செய்தது தெரியுமா? எதன் மேல் கட்டினார்களோ அந்த வெப்டோரண்டையே 2023 நவம்பரில் வந்த ஆறாம் பதிப்பில் கழற்றிப் போட்டார்கள். அதன் இடத்தில் எச்.எல்.எஸ். என்ற முறை நின்றது. வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, இணைய வேகம் குறைந்தால் அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் கொடுப்பது, வேகம் கூடினால் தரத்தை ஏற்றுவது. பெரிய நிறுவனங்களும் இப்படித்தான் அனுப்புகின்றன. பார்வையாளர்களுக்கிடையிலான பரிமாற்றம் ஒழிந்துவிடவில்லை. ஆள் இருந்தால் உதவும், இல்லாவிட்டால் சர்வர் பார்த்துக்கொள்ளும். மொபைல் டேட்டாவில் இருக்கிறீர்கள் என்று பிரவுசர் சொன்னால், உங்களிடமிருந்து எதையும் மேலேற்றாமல் பிளேயர் விட்டுவிடும். உங்கள் டேட்டா பேக்கைக் கரைக்கக் கூடாது என்ற கரிசனம். நேரலையில் மட்டும் பழைய கனவு பலிக்கிறது. அங்கே எல்லோரும் அதே நொடியைப் பார்க்கிறார்கள், அதுதான் திருவிழா. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் பார்க்கும் நேரலையைச் சோதித்துப் பார்த்தபோது, சர்வரின் சுமையில் பெரும்பகுதியைப் பார்வையாளர்களே பகிர்ந்துகொண்டார்கள்.

அப்படியானால் இதை இன்னும் 'மையமற்றது' என்று எதை வைத்துச் சொல்வது? தளங்களுக்கிடையிலான உறவை வைத்துத்தான். பி.எஸ்.என்.எல். எண்ணிலிருந்து ஏர்டெல் எண்ணுக்குப் பேசுகிறோம், இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் ஏற்றுக்கொண்ட ஆக்டிவிட்டிபப் என்ற பொதுவிதி, வீடியோ தளங்களுக்கு இதைச் செய்தது. யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் பியர்டியூபை நிறுவலாம். ஒரு தளத்தின் சேனலை இன்னொரு தளத்திலிருந்து பின்தொடரலாம். மாஸ்டோடான் என்ற சமூக வலைத்தளக் கணக்கிலிருந்து நீங்கள் எழுதும் பதில், வீடியோவின் அடியில் கருத்தாக வந்து விழும். ஒரு தளம் அடாவடி செய்தால் மற்றவை அதை ஒதுக்கிவைக்கலாம். இன்று இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள் உண்டு. அவற்றில் தேடுவதற்கு ஃபிராமாசாஃப்ட் நடத்தும் தேடுபொறியின் பெயர் செபியா. பியர்டியூபின் சின்னமான கணவாய் மீனின் பெயர் அது.

இதே காலத்தில் வேறு வழியில் போனவர்கள் உண்டு. அமெரிக்காவின் எல்.பி.ஆர்.ஒய். நிறுவனம் பிளாக்செயினில் வீடியோ தளம் கட்டி, தனக்கென ஒரு நாணயத்தையும் வெளியிட்டது. அனுமதி பெறாமல் அதை விற்றது சட்டமீறல் என்று 2021இல் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு தீர்ப்பு நிறுவனத்துக்கு எதிராக வந்தது. 2023இல் கடையைக் கட்டினார்கள். அவர்களுடைய ஒடிசி தளம் மட்டும் கைமாறி இன்னும் நடக்கிறது. பியர்டியூபில் நாணயமும் இல்லை, விற்பதற்குப் பங்கும் இல்லை. அது தப்பிப் பிழைத்ததற்கு இந்த வறுமையும் ஒரு காரணம் என்பேன்.

வளர்ச்சி நேர்கோட்டில் போகவில்லை. 2020 ஊரடங்கில் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் ஆசிரியர்களுக்காக மண்டலவாரியாக பியர்டியூப் தளங்களைத் திறந்தது. 2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரி, ஒன்றிய அமைப்புகளுக்காக ஒரு தளத்தைச் சோதனையாகத் தொடங்கினார். பொறுப்பேற்று நடத்த வேறு யாரும் முன்வராததால் 2024 மே மாதம் அது மூடப்பட்டது. மென்பொருள் இலவசம், ஆனால் சர்வருக்கு மாதாமாதம் யாராவது பணம் கட்ட வேண்டுமே.

விளம்பர வருமானத்தை நம்பிக் குடும்பம் நடத்தும் யூடியூபரை இங்கே வாருங்கள் என்று அழைக்க எனக்கு வாய் வராது. பியர்டியூப் விளம்பரப் பணம் கொடுப்பதில்லை, கூட்டத்தையும் கொண்டுவந்து கொட்டாது. பள்ளிக்கூடம், நூலகம், நாடகக் குழு, இலக்கிய அமைப்பு என்று வீடியோவைக் காசாக்கத் தேவையில்லாதவர்களுக்கு இது பொருந்தும். அவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்தத் தளத்தில் ஏற்றினாலும், எடிட் செய்து முடித்த அசல் கோப்பை ஹார்டு டிஸ்க்கிலிருந்து அழித்துவிடாதீர்கள். அசல் கையில் இருந்தால்தான், தளம் முடங்கிய நாளில் பிளெண்டரைப் போல வேறு இடத்தில் கடை விரிப்பது சுலபம்.