பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கும் முன்

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவர், கொம்பிலே பூசிய வர்ணத்தையும் கழுத்திலே கட்டிய சலங்கையையும் கண்டு விலை பேசுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுக் குளம்பு ஊன்றும் விதத்தைப் பார்ப்பார். அதே உழவரின் மகன் நகரத்திற்கு வந்து பழைய மோட்டார் வண்டி ஒன்றை வாங்கப் புகும்போது, பெரும்பாலும் வர்ணத்தையும் சலங்கையையுமே பார்க்கிறான். வண்டி பளபளக்கிறது, எஞ்சின் இனிமையாக உறுமுகிறது, பணம் கை மாறிவிடுகிறது.

வயது முதிர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்வது எவ்வாறு என்பதே இன்று நாம் ஆராயப் போகும் பொருள். நம்மில் எத்தனை பேர் அத்தகைய வண்டியை வாங்கப் போகிறோம் என்று மாணவ நண்பர்கள் வினவலாம். வாங்காவிட்டாலும் இதனுள்ளே பொறியியல் இருக்கிறது, இரசாயனம் இருக்கிறது, கொஞ்சம் மனித இயல்பும் இருக்கிறது. பொதுப்படப் பேசினால் ஒன்றும் விளங்காது. ஆதலால் ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொள்வோம். அது இங்கிலாந்தில் உருவான எம்.ஜி.பி.

ஆக்ஸ்ஃபர்டு நகரில் இருந்த மாரிஸ் கராஜஸ் என்னும் நிறுவனத்தின் முதலெழுத்துக்களே எம்.ஜி. ஆயின. அதற்கு அண்மையிலுள்ள ஆபிங்டன் என்னும் ஊரின் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. செய்யப்பெற்றது. இருவர் அமரும் திறந்த வண்டியாகவும், 1965 முதல் கூரையுடன் கூடிய ஜி.டி. வண்டியாகவும், 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. நான்கு சிலிண்டர்கள், 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, மணிக்கு 100 மைலைச் சற்றே தாண்டும் வேகம். இன்றைய சாதாரணக் குடும்பக் கார்களே அதனை எளிதில் முந்திவிடும். ஆயினும் பிரிட்டனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்று முதன்முதலாக ஆசைப்படுவோருள் பலர் நாடுவது இதனையே.

எம்.ஜி.பி.க்கு முன் இருந்த எம்.ஜி.ஏ. என்னும் வண்டியில் அடிச்சட்டம் ஒன்று தனியாக இருந்தது. உடற்கூடு அதன்மீது பொருத்தப்பெற்றது. நம் ஊர் லாரியில் காண்பது போன்ற அமைப்பு அது. எம்.ஜி.பி.யில் அந்தத் தனிச் சட்டம் நீக்கப்பட்டது. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று பற்றவைத்து, கூடே சட்டமாகவும் சட்டமே கூடாகவும் ஆக்கினார்கள். எடை குறைந்தது, உள்ளே இடம் பெருகியது. ஆனால் இதன் விளைவு ஒன்றை வாங்குவோர் மறந்துவிடக் கூடாது: தகடு அரித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, வண்டியைத் தாங்கும் எலும்பே அரிக்கிறது.

வீட்டில் உள்ள செருப்புப் பெட்டி ஒன்றை எடுத்து, மூடியை இறுகக் கட்டி, இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகாது. மூடியை நீக்கிவிட்டு முறுக்கினால் உடனே கோணிக்கொள்ளும். கூரையில்லாத கார் மூடியில்லாத பெட்டி. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே வண்டி தொய்ந்து போகாமலும் முறுகாமலும் தாங்கவேண்டிய பொறுப்பில் பெரும்பகுதி, கதவுகளின் கீழே இருபுறமும் நீளவாக்கில் ஓடும் இரண்டு பெட்டி விட்டங்களின்மேல் விழுகிறது. ஆங்கிலேயர் இவற்றைச் ‘சில்’ என்பர். நாம் வாயிற்படி என்றே சொல்லலாம். எம்.ஜி.பி.யின் வாயிற்படி ஒரே தகடன்று. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே மற்றொன்று என்று பல தகடுகள் சேர்ந்து குழாய் போல மூடிய வடிவம் பெறுகின்றன.

மூடிய வடிவம் வலிமை தரும், ஈரத்தையும் சிறைப்படுத்தும். நீர் வடிவதற்கென்று விட்ட துளைகளைச் சேறு அடைத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் பனிக்காலத்தில் சாலை உறையாதிருக்க உப்பைத் தூவுகிறார்கள். நம் கடற்கரையோர வீடுகளில் சன்னல் கம்பிகள் எவ்வளவு விரைவில் அரிக்கின்றன என்று அறிவோம்; உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், துருப்பிடித்தல் என்னும் மின்வேதி வினை அங்கே விரைந்து நடைபெறுகிறது. இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அதனால் வர்ணத்தின் கீழே அது பருத்து, கொப்புளமாக எழும். வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால், உள்ளிருந்து கிளம்பிய துரு தகட்டைத் துளைத்து வந்துவிட்டது என்று ஐயுறுவதே நலம்.

இனி வாங்குவோன் செய்யவேண்டிய சோதனைக்கு வருவோம். முதலில் கதவைப் பாருங்கள். மூடிய கதவுக்கும் அதன் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா? பிறகு ஜாக்கியை வைத்து வண்டியின் ஒரு பக்கத்தை உயர்த்திவிட்டு, அதே கதவைத் திறந்து மூடுங்கள். கதவு சட்டத்தில் முட்டினால், அல்லது இடைவெளி குறுகினால், கூடு வளைகிறது என்று பொருள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வாயிற்படியின் மீதும், முன் சக்கரத்தின் பின்னே உள்ள தகட்டின் அடிப்பகுதியிலும் நகர்த்துங்கள். காந்தம் பற்றாத இடத்தில் எஃகு இல்லை, பட்டிதான் இருக்கிறது. மிதியடியைத் தூக்கித் தளத்தைப் பாருங்கள். வண்டியின் அடியில் படுத்துப் பின்புற வில்தகடுகள் மாட்டியிருக்கும் இடங்களையும் பாருங்கள். சட்டை அழுக்காகும் என்று நினைப்பவர் இந்த வாணிபத்தில் இறங்காதிருப்பது உத்தமம்.

விற்போரின் தந்திரங்களுள் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அரித்துப்போன வாயிற்படியை வெட்டி நீக்காமல், அதன்மேலேயே புதிய தகடு ஒன்றைப் போர்த்தி, பற்றவைத்து, வர்ணம் அடித்துவிடுவார்கள். பார்வைக்குப் புதிது, உள்ளே பழைய துரு தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும். ஒழுங்காகச் செய்வதானால், வாயிற்படியின் முனைகள் முன்புறத் தகட்டின் உள்ளேயும் பின்புறத் தகட்டின் கீழேயும் புகுந்திருப்பதால், முன்தகட்டைக் கழற்றி, பின்தகட்டின் அடிப்பகுதியை வெட்டியே அதை மாற்றவேண்டும். வெட்டும்போது கூட்டைச் சரியாகத் தாங்கி நிறுத்தாவிட்டால், தொய்ந்த நிலையிலேயே அது பற்றவைக்கப்பட்டுவிடும். பின்னர் எந்தக் கதவும் பொருந்தாது. இத்தனை மணிநேர உழைப்பிற்குக் கூலி கொடுப்பவர் யார் என்பதுதான் கேள்வி. “முழுதும் புதுப்பித்தது” என்று விற்பவர் சொன்னால், வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்களைக் கேளுங்கள். நேர்மையாகச் செய்தவர் அவற்றைப் பெருமையோடு எடுத்துக் காட்டுவார்.

எஞ்சினைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்லப்போகிறேன். காரணம், எம்.ஜி.பி.யின் எஞ்சின் எளிய முரட்டு எஞ்சின். கெட்டுப்போனாலும் கழற்றிச் செம்மை செய்வது அரிதன்று. வாங்கப் போகும் நாளில் அதனை முன்கூட்டியே சூடாக்கி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். கிளப்பியவுடன் நீலப்புகை வருகிறதா, கீழே தட்டும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். நன்கு ஓடிச் சூடேறிய பின்னும், ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தமானி 50 பவுண்டு அளவில் நின்றால் மகிழலாம். தொடக்கத்தில் கிராங்க் ஷாஃப்டை மூன்று பேரிங்குகள் தாங்கின. 1964-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ஐந்து தாங்கலாயின. 1967-க்கு முற்பட்ட வண்டிகளில், ஓடும்போது முதல் கியருக்கு மாற்றினால் பற்கள் உரசி அலறும். அது பழுதன்று, அக்கால அமைப்பு. பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டின் முடிவோடு ஈயம் கலந்த பெட்ரோலின் பொதுவிற்பனை நின்றுவிட்டது. ஆதலால் வால்வு அமரும் இடங்களில் கடினமான எஃகு வளையங்கள் பொருத்தப்பட்டுள்ளனவா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவேண்டும்.

இன்னொரு சிக்கல் ரசிகர்களிடையே வழங்கும் மதிப்பு வேற்றுமை. 1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பாதுகாப்பு விதிகளை முன்னிட்டு, பளபளக்கும் குரோமியக் காப்புச் சட்டங்களை நீக்கி, கரிய ரப்பர்ப் போர்வையுடைய பருத்த காப்புச் சட்டங்களைப் பொருத்தினார்கள்; வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். உயரம் கூடவே வளைவுகளில் வண்டி சாயத் தொடங்கிற்று. ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அந்த வெறுப்பு இன்றளவும் விலையில் தெரிகிறது. குரோமிய வண்டிக்கு மதிப்பு அதிகம், ரப்பர் வண்டிக்குக் குறைவு. ஆகவே, கையில் அளவான பணத்துடன் வரும் இளைஞன், அதே விலைக்கு அரித்த குரோமிய வண்டியையும் உறுதியான ரப்பர் வண்டியையும் எதிரெதிரே காண நேரிடும். ஐயமின்றி உறுதியான ரப்பர் வண்டியையே அவன் கொள்ளவேண்டும் என்பது என் துணிபு. காப்புச் சட்டத்தை விரும்பினால் பின்னால் மாற்றலாம். கூட்டை மாற்றுவது மறுபிறவி எடுப்பதற்கு ஒப்பானது.

அந்த மறுபிறவியும் எம்.ஜி.பி.க்கு இயலும் என்பது வியப்பான செய்தி. 1988-இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்னும் நிறுவனம், தொழிற்சாலையில் முன்பு பயன்பட்ட அச்சுக் கருவிகளையே தேடிச் சேர்த்து, எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டைப் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கிற்று. கதவுக் கைப்பிடி முதல் கியர் பற்சக்கரம் வரை உதிரிப் பாகங்களும் கிடைக்கின்றன. இலட்சக்கணக்கில் செய்யப்பட்டதன் பயன் இது. அரிய வண்டியே சிறந்த வண்டி என்று எண்ணுவது சேகரிப்போரின் கண்ணோட்டம். ஓட்ட விரும்புவோருக்கு, எங்கும் மலிந்த வண்டியே நன்மை தரும். நூறே செய்யப்பட்ட ஒரு வண்டியில் ஒரு கண்ணாடி உடைந்தால், அடுத்த கண்ணாடிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

சட்டம் தரும் சலுகை ஒன்றும் உண்டு; அதில் ஒரு கண்ணியும் உண்டு. பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிதும் மாற்றப்படாத வண்டிகளுக்கு, ஆண்டுதோறும் நடைபெறும் தகுதிச் சோதனையிலிருந்து 2018 மே மாதம் முதல் விலக்கு அளிக்கப்பட்டது. சோதனை வேண்டாம் என்பதால் வண்டி நலமாயிருக்கிறது என்று ஆகிவிடாது. பல ஆண்டுகளாக எந்தச் சோதகரும் அதன் அடிப்புறத்தைக் காணாமலே இருந்திருக்கலாம். முன்பு நடந்த சோதனைகளின் முடிவை அரசாங்கமே இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ‘வாயிற்படியில் அரிப்பு’ என்று ஓர் ஆண்டில் எழுதப்பட்டு, அடுத்த ஆண்டில் அக்குறிப்பு மறைந்திருந்தால், இடையில் நடந்தது பழுதுபார்த்தலா, போர்த்தலா என்று விசாரிப்பது வாங்குவோனின் உரிமை. கொஞ்சம் கட்டணம் கொடுத்துத் தகுதிச் சோதனையைத் தானாக ஏற்பாடு செய்யவும் தடையில்லை.

பணத்தைக் கணக்கிடும்போது வண்டியின் விலையை மட்டும் எண்ணி வருவோர் பலர். கூரையுள்ள கொட்டகை, காப்பீடு, இவற்றோடு முதல் ஆண்டின் பழுதுகளுக்கென்று தனியே ஒரு தொகை, இவ்வளவும் வேண்டும். எம்.ஜி.பி.யின் முன் சக்கர மூட்டுக்களுக்கு ஒவ்வொரு 3000 மைலுக்கும் கிரீஸ் ஏற்றவேண்டும். முந்திய உடையவர் அதை மறந்திருந்தால், மூட்டுக்கள் தேய்ந்து சுக்கான் ஆடும். ஓட்டாமலே மூடிவைத்த வண்டி நல்ல வண்டி என்பதும் தவறான எண்ணம். நின்ற வண்டியில் பிரேக் இறுகிவிடும், ரப்பர் வெடிக்கும், பெட்ரோல் கெடும். மோதலின்போது காக்கும் காற்றுப்பையோ, சக்கரம் வழுக்காது தடுக்கும் நவீன பிரேக்கோ இதில் இல்லை. அதனால் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும் பயணத்திற்கு முன்னரே பிரேக் திரவத்தையும் அதன் ரப்பர்க் குழாய்களையும் மாற்றிவிடவேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிப்பன. 2312 என்று இருந்தால், 2012-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று அறியலாம். மேற்பரப்பின் பள்ளங்கள் புதியன போலத் தோன்றினாலும், அத்தகைய டயரைக் கழற்றி எறிந்துவிட்டே சாலைக்குச் செல்லவேண்டும்.