அப்பாச்சி தனியாக வருவதில்லை

முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள் தம்பி. கண்டி வாவிக்கரை விடுதிக்கு அறை பதியும் தளம் போடப்போகிறீர்கள். எசல பெரஹரா நாட்களில் வெளிநாட்டார் கடவுச்சீட்டு எண்ணைக்கூட அதில் பதிவார்கள். எனவே எச்ரிரிபிஎஸ் இல்லாமல் அந்தத் தளத்தைத் திறக்கவே கூடாது.

அதற்கு அப்பாச்சி வெப் சேர்வர் வேண்டும். உபுண்டு 22.04இல் 'ஆப்ட் இன்ஸ்டோல் அப்பாச்சி2' என்று அடித்ததும் கேட்காத பெயர்கள் பத்துக்கு மேல் வருகின்றன. கோப்பையும் வலையிணைப்பையும் கையாள அப்பாச்சி ஏபிஆர் நூலகத்தை நம்பியிருக்கிறது, மறைகுறியாக்கத்துக்கு ஓப்பன்எஸ்எஸ்எல். 'இன்ன நூலகம், இன்ன பதிப்புக்குக் குறையாமல்' என்று ஒவ்வொரு பொதியிலும் எழுதியிருக்கும். ஆப்ட் அதைப் படித்து, அந்த நூலகங்களையும் அவற்றுக்கு வேண்டியதையும் தேடிக் கொண்டுவருகிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் மட்டும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் தெரியாது. எஸ்எஸ்எச்சுக்கும் அதுவே வேண்டும் என்பதால் ஏற்கெனவே உள்ளே இருக்கும். ரெட்ஹேட் வழியில் 'மொட்_எஸ்எஸ்எல்' தனிப்பொதி. அதைப் போட மறந்தால் அப்பாச்சி ஓடும், எச்ரிரிபிஎஸ்ஸுக்கான 443ஆம் போர்ட் திறக்காது.

இனி உங்களைத் தடுத்த வரி: 'லிப்எஸ்எஸ்எல்1.1 தேவை, ஆனால் நிறுவ இயலாது.' 20.04க்குக் கட்டிய பொதியை 22.04இல் போட்டிருக்கிறீர்கள். 2022 ஏப்ரலில் வந்த 22.04, ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0க்கு மாறிவிட்டது, பழைய 1.1 அதன் களஞ்சியத்தில் இல்லை. பலர் பழைய டெப் கோப்பை எங்கிருந்தோ இறக்கி வலிந்து போடுகிறார்கள். தளம் ஓடத்தான் செய்யும். ஆனால் 1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்டெம்பரில் முடிந்துவிட்டது. நாளை அதில் ஓட்டை கண்டுபிடித்தாலும் 22.04இன் களஞ்சியம் உங்களுக்குத் திருத்தம் அனுப்பாது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 22.04க்குக் கட்டிய பொதியையே தேடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை. 2014 ஏப்ரல் 7இல் வெளியான அந்த ஓட்டை வழியாக, சேர்வரின் நினைவகத்தை ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை யாரும் உருவலாம்; இரகசியச் சாவிகூட அகப்படலாம். களஞ்சியத்து நூலகத்தைப் பகிர்ந்தவர்கள் ஒரே பொதியைப் புதுப்பித்தார்கள். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் அதுவே போதுமாயிற்று. தனிப் பிரதி வைத்திருந்தவர்கள் ஒவ்வொன்றாகத் தேடி மாற்றவேண்டி வந்தது.

ஒன்று மட்டும்: நூலகத்தைப் புதுப்பித்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் அப்பாச்சி பழையதையே நினைவகத்தில் வைத்திருக்கும். 'நீட்ரீஸ்டார்ட்' என்று அடித்தால் எந்தெந்தச் சேவை இன்னும் பழையதைப் பிடித்திருக்கிறது என்று காட்டும். அவற்றை மறுதொடக்கம் செய்யுங்கள்.