பூனைகள் ‘ஆடிச் செத்த’ ஊர்... மூளைக்குள் பாதரசம் நுழைவது எப்படி?

1950-களில் ஜப்பானின் மினமாட்டா கடலோரத்தில் பூனைகள் வலிப்பு வந்து, சுழன்று சுழன்று செத்து விழுந்தன. பூனை ஆடுதுன்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. 1956-ல் குழந்தைகளுக்கும் நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. பூனையும் மனிதர்களும் சாப்பிட்டது ஒரே கடல் மீன்தான்.

சிஸ்ஸோ ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவில் மெத்தில் பாதரசம் இருந்தது. அது மீன் வழியாக மனித ரத்தத்துக்கு வந்தது.

ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் போய்விட முடியாது, நடுவே தடுப்பு இருக்கிறது. ஆனா இந்த விஷம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஜோடி, மூளைக்குத் தேவையான மெத்தியோனின் போலவே இருக்கும். ஏமாந்துபோகும் காவல் புரதமே அதை உள்ளே கூட்டிட்டுப் போகிறது!

உள்ளே போனதும் பாதரசம் செலினியத்தைப் பிடித்துக்கொள்கிறது. செல்லில் உருவாகும் ஆபத்தான ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும் முக்கிய நொதிகள் செலினியத்தை நம்பித்தான் இயங்குகின்றன. அவை முடங்கினால் அந்த மூலக்கூறுகள் செல் சவ்வையும், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் சிதைக்கின்றன. ஒரு கட்டத்தில் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. செத்த நரம்புச் செல்லுக்குப் பதிலாகப் புதுசு பெரும்பாலும் வராது.

கொடுமை என்னன்னா, இது நஞ்சுக்கொடியையும் தாண்டும். பெரிய அறிகுறி இல்லாத தாய்களுக்கும் மூளை பாதித்த குழந்தைகள் பிறந்தன.

பாதரசம் வெளியேறிய அந்த உற்பத்தியை ஆலை நிறுத்தியது 1968-ல். ஜப்பான் அரசு காரணத்தை அதிகாரப்பூர்வமாக ஏற்றதும் அதே ஆண்டில்தான், 12 வருஷம் கழிச்சு.