மின்னழுத்தமும் மின்னோட்டமும்: தடையையும் திறனையும் கணக்கிடும் முறை

எர்ணாகுளம் மாவட்டத்தின் தலைமையிடமாகிய காக்கநாட்டிற்கும் வைற்றிலாவிற்கும் இடையே 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் கொச்சி நீர் மெட்ரோவின் மின்படகுகள் ஓடி வருகின்றன. கொச்சி கப்பல் கட்டுந்தளத்தில் உருவான இப்படகுகள் லித்தியம் டைட்டனேட் மின்கலங்களைக் கொண்டவை. துறையில் நிற்கும் சிறிது நேரத்திற்குள் மின்னேற்றம் பெறுபவை. இத்தகைய படகாயினும், வீட்டுச் சலவைப் பெட்டியாயினும், அதன் மின்சார நிலையை அறிய இரண்டு அளவைகள் அடிப்படையாகும். ஒன்று மின்னழுத்தம், மற்றொன்று மின்னோட்டம்.

ஜெர்மனி நாட்டு அறிஞர் ஓம் 1827ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியின்படி, வெப்பநிலை மாறாதிருக்கும்போது ஓர் உலோகக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கிடையேயுள்ள மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். ஆகவே வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை ஓம் அளவில் கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் திறன் வாட் அளவில் கிடைக்கும். இவ்விரண்டையும் இணைத்தால், மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினாலும், மின்னழுத்தத்தின் இருமடியைத் தடையால் வகுத்தாலும் அதே திறன் கிடைப்பது விளங்கும்.

230 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஏற்கும் சலவைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் தடை 46 ஓம். திறன் 1,150 வாட். மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறைந்து, தடை மாறாதிருப்பின், மின்னோட்டம் ஏறத்தாழ 4.35 ஆம்பியராகவும் திறன் 870 வாட்டாகவும் குறையும். அழுத்தம் நூற்றுக்கு 13 பங்கு குறைய, திறன் ஏறத்தாழ 24 பங்கு குறைந்துவிடுகிறது. திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதே இதற்குக் காரணம்.

இக்கணக்கைக் கையாளுகையில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, தடை வெப்பநிலையுடன் மாறும். 230 வோல்ட், 100 வாட் இழைவிளக்கு எரியும்போது அதன் தடை 529 ஓம். அணைந்து குளிர்ந்த நிலையில் அளந்தாலோ, அதில் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான் இருக்கும். குளிர்ந்த தடையைக் கொண்டு திறனைக் கணக்கிடுவோர் 1,000 வாட்டிற்கு மேற்பட்ட பொய்யான விடையையே பெறுவர். இரண்டாவது, மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்கும் விசிறி, மோட்டார் முதலியவற்றில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய தொகை தோற்றத் திறனே ஆகும். உண்மைத் திறனை அறிய அதனைத் திறன் காரணியாலும் பெருக்குதல் வேண்டும். 230 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் ஏற்கும் விசிறியின் தோற்றத் திறன் 92 வோல்ட்-ஆம்பியர். திறன் காரணி 0.8 எனில் உண்மைத் திறன் ஏறத்தாழ 74 வாட்டேயாகும்.

இனிக் களப்பணியாளர்க்கு மிகவும் பயன்படும் ஒரு கணக்கு. எடுத்துக்காட்டாக, ஒரு மின்னேற்று நிலையம் 600 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் 200 ஆம்பியர் வழங்குகிறது எனக் கொள்க. திறன் 120 கிலோவாட். கால் மணி நேரத்தில் சென்று சேரும் ஆற்றல் 30 கிலோவாட்-மணி, அதாவது 30 யூனிட். வடத்தின் இணைப்பு ஒன்றின் தடை 0.001 ஓம் எனில், அங்கு இழக்கப்படும் அழுத்தம் 0.2 வோல்ட், வெப்பமாகும் திறன் 40 வாட். உப்புக்காற்றாலும் ஈரத்தாலும் அவ்விணைப்பு அரிக்கப்பட்டோ, திருகு தளர்ந்தோ தடை 0.01 ஓமாக உயர்ந்தால், இழப்பு 2 வோல்ட்டாகும். வெப்பம் 400 வாட்டாகும். 600 வோல்ட்டில் 2 வோல்ட் என்பது நூற்றுக்கு மூன்றில் ஒரு பங்கே. ஆதலால் மொத்த அழுத்தத்தைக் காட்டும் மானியில் இக்குறை ஏறக்குறையப் புலப்படாது. ஆயினும் கட்டைவிரல் அளவேயான ஓரிடத்தில் 400 வாட் வெப்பம் தோன்றினால் காப்புறை உருகித் தீப்பற்ற ஏதுவாகும். கழிமுக நீர்ப்பரப்பும் பருவமழையும் சூழ்ந்த கொச்சிப் பகுதியில் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

இக்குறையைக் கண்டறியும் வழி எளிது. சுமை ஓடிக்கொண்டிருக்கையில் இணைப்பின் இருபுறத்திற்கும் இடையேயுள்ள மின்னழுத்தத்தை மில்லிவோல்ட்மானியால் அளந்து, அதனை அப்போதைய மின்னோட்டத்தால் வகுத்தால் இணைப்பின் தடை கிடைக்கும். மின்னூட்டம் உள்ள பகுதிகளில் பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் உடையவரே இவ்வளவையைச் செய்தல் வேண்டும். இத்தகைய அளவைகளை நாளேட்டில் குறித்துவந்தால், தடை உயர்ந்து வருவது தீங்கு நேருமுன்பே தெரிந்துவிடும்.

பள்ளி ஆசிரியர்கள் இதனை உலர்மின்கலங்களைக் கொண்டே விளக்கலாம். வீட்டு மின்சாரத்தை இதற்குப் பயன்படுத்தலாகாது. 15 ஓம் தடையுள்ள நைக்ரோம் கம்பியின் முனைகளில் 1.5, 3, 4.5 வோல்ட் அழுத்தம் கிடைக்குமாறு அமைத்தால், மின்னோட்டம் முறையே 0.1, 0.2, 0.3 ஆம்பியராக இருக்கும், திறன் 0.15, 0.6, 1.35 வாட்டாகும். அழுத்தம் மும்மடங்காகத் திறன் ஒன்பது மடங்காவதை மாணவர் தாமே கண்டு தெளிவர். ஆம்பியர்மானியைக் கம்பியுடன் தொடராகவும், வோல்ட்மானியைக் கம்பியின் இருமுனைகளுக்குக் குறுக்காகவும் இணைத்தல் வேண்டும். மின்கலத்தின் மேல் அச்சிட்ட எண்ணைக் கணக்கிற்கு எடுத்துக்கொள்ளலாகாது. கலத்தினுள்ளும் தடை உண்டாதலால், மின்னோட்டம் செல்லும்போது முனைகளில் கிடைக்கும் அழுத்தம் அதனினும் சற்றுக் குறைவாகவே இருக்கும். எப்பகுதியின் தடையை அறிய விரும்புகிறோமோ, அப்பகுதியின் அழுத்தத்தையே அளத்தல் வேண்டும் என்பதை மாணவர் இதனால் உணர்வர்.