டாக்குரியாக் குளமும் ரப்பர் தவளையும்

கல்கத்தாத் தமிழர் என்றதும் மனதில் எழும் சித்திரம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பேரம் பேசுவார், காலையில் டாக்குரியா லேக்கை ஒரு சுற்று சுற்றுவார், மாலையில் சங்கத்துக்கு வந்து ஊர்க்கதை பேசுவார். நானும் அந்தச் சித்திரத்தில் முக்கால்வாசி பொருந்துகிறவன்தான். மீதிக் கால்வாசியைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் பலமுறை கேட்டும் தட்டிக் கழித்து வந்தேன். என் தூண்டில் பைத்தியத்தைப் பற்றி என் மனைவிக்கு ஏற்கனவே போதுமான அளவு தெரியும், ஊருக்கும் தெரிவானேன் என்பதுதான் காரணம். சைவ அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

லேக்கைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டிய ஏரி அது. 1958-ல் ரவீந்திர சரோபர் என்று பெயர் சூட்டினார்கள். 73 ஏக்கர் தண்ணீர். நம் வாயில் இன்னும் டாக்குரியா லேக்தான். என் கதை நடப்பது ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், வீடுகளுக்கு நடுவே ஒளிந்து கிடக்கும் ஒரு சின்னப் புகுரில். ஏழு கட்டா இருக்கும். ஒரு கட்டா 720 சதுர அடி என்றால் நம் ஊர்க் கணக்கில் இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூட. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் பாசி பிடித்த படித்துறை. பாதித் தண்ணீரை ஆகாயத்தாமரை மூடியிருக்கும். வங்காளிகள் அதைக் கச்சுரிபானா என்பார்கள்.

வங்காளிகளின் மீன்பிடிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு தவம். காலையிலேயே குடையும் முக்காலியுமாக வந்து உட்காருவார்கள். கடுகுப் பிண்ணாக்கு, வெந்தயம், இன்னும் வெளியே சொல்லாத சில வாசனைச் சரக்குகள் சேர்த்துப் புளிக்கவைத்த சாரைத் தண்ணீரில் இறைத்து மீனை வரவழைப்பார்கள். செவ்வெறும்பு முட்டையை முள்ளில் கோத்து, ஃபாத்னா என்னும் தக்கையைப் பார்த்தபடி சாயங்காலம் வரை அசையாமல் இருப்பார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு பிடிக்கும் குளங்களும் உண்டு. எல்லாம் ருயி, கட்லாவுக்காக. 1972-ல் வேலைக்கு வந்த புதிதில் நானும் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை. காரணம், நான் பழகியது வேறு மீன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். தாய்மாமாதான் எனக்குக் குரு. நீள மூங்கில், தடித்த நூல், ஒரு முள், அதில் முதுகுத் தோலில் கோத்த குட்டித் தவளை. அல்லிக் குளத்தின் கரையில் பூனை மாதிரி நடந்து, இலைகளுக்கு நடுவே தெரியும் இடைவெளியில் தவளையைத் தத்தவிடுவார். இரண்டு தத்து, மூன்று தத்து; மூன்றாவதில் தண்ணீர் வெடிக்கும். விரால்! அல்லியிலை கிழியக் கயிறு கட்டிய காளையைப் போல் குளத்தையே கலக்கும். இதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. அகநானூற்றின் 36-ஆம் பாடலைத் திறந்து பாருங்கள். தூண்டில் இரையை விழுங்கிய வரால் ஆம்பல் இலை கிழிய, குவளை சிதையப் பாய்ந்து, இழுத்தால் வராமல், கயிறிட்ட காளைபோலக் குளத்தை உழக்குவதை அந்தப் புலவர் கண்ணால் பார்த்தவர் மாதிரிப் பாடியிருக்கிறார். என் மாமா அகநானூறு படித்தவர் அல்லர்.

விராலுக்கு இங்கே ஷோல் என்று பெயர். முள்ளங்கி போட்டுச் சமைப்பார்கள். தாராபீடத்தில் சுட்ட ஷோலை அம்மனுக்கே படைக்கிறார்கள். சந்தையில் அலுமினியப் பாத்திரத்தில் உயிரோடு நெளியும். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க அதற்குத் தனி அறை உண்டு. அதனால் தண்ணீரை விட்டு எடுத்தாலும் ஈரம் இருந்தால் மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். மாறாக, மேலே வந்து காற்றை வாங்க விடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் செத்துப்போகும்! தூண்டில்காரனுக்கு இதுதான் பெரிய துப்பு. எப்படி ஒளிந்திருந்தாலும் மூச்சுவிட மேலே வந்தே தீரவேண்டும். அந்த 'க்ளக்' சத்தத்தைக் கேட்கப் பழகிய காது போதும்.

பணி ஓய்வுக்குப் பிறகு, அமெரிக்காவிலிருந்து வந்த என் மகன் ஒரு பொட்டலம் கொடுத்தான். "அப்பா, உயிருள்ள தவளையைக் குத்துவதை இனி விட்டுவிடுங்கள்" என்றான். உள்ளே இரண்டு பொருள்கள். ஒன்று, உள்ளீடற்ற ரப்பர் தவளை. அதன் முதுகையொட்டி இரண்டு முட்கள் மேல்நோக்கிப் படுத்திருக்கும். மீன் கடித்து ரப்பர் அமுங்கினால்தான் முள் வெளியே வரும். அதனால் பாசியின்மேல் இழுத்தாலும் சிக்காது. மற்றது ஸ்பின்னர்பெய்ட். பெரிய ஊக்கு ஒன்றை விரித்துப் பிடித்ததுபோல் ஒரு கம்பி. மேல் கையில் இலை வடிவத்தில் ஒரு தகடு சுழலும். கீழ்க் கையில் ஈயத் தலை, முள், அதைச் சுற்றி ரப்பர் இழைகளால் ஒரு பாவாடை. கம்பி முன்னால் போவதால் குச்சியில் இடித்தாலும் முள் மாட்டாது.

இவையெல்லாம் அமெரிக்கர்கள் பாஸ் என்னும் மீனுக்காகச் செய்தவை. அதுவும் சின்னக் குளத்து மீன், பாசியோரத்தில் பதுங்கி, மேலே எது துடித்தாலும் பாயும். மிச்சிகன் மாநிலத்தில் ஜேம்ஸ் ஹெடன் என்பவர் மில் குளத்தின் கரையில் உட்கார்ந்து மரக்கட்டையைச் செதுக்கிக்கொண்டிருந்தாராம். கையிலிருந்த துண்டைத் தண்ணீரில் எறிந்தபோது ஒரு பாஸ் அதைத் தாக்கிற்றாம். அதிலிருந்து 1890-களின் கடைசியில் மரத் தவளைகளைச் செதுக்கத் தொடங்கினார், பிறகு அது பெரிய கம்பெனியாயிற்று என்று அங்கே சொல்வார்கள். என் மாமாவுக்கு இந்தக் கதையைச் சொல்லியிருந்தால், "கட்டையைக் கடிக்கும் மீன் முட்டாள் மீன்" என்றிருப்பார்.

நம் விரால் அங்கேயும் போய்ச் சேர்ந்த கதை தெரியுமோ? 2002-ல் மேரிலாந்தின் கிராஃப்டன் ஊரில் ஒரு சின்னக் குளத்தில் சீனத்து விரால் வகை தென்பட்டது. நோயாளிக்கு சூப் வைக்க உயிரோடு வாங்கிய இரண்டு மீன்களை ஒருவர் குளத்தில் விட்டதால் வந்த வினை. அவர்கள் குளத்துக்கே மருந்து போட்டு மீன்களைக் கொன்றார்கள். ஆனாலும் 2004-ல் பொட்டோமாக் நதியில் அது தென்பட்டது, இன்று அங்கே பெருகிக் கிடக்கிறது. பாஸுக்குச் செய்த அதே ரப்பர் தவளையால் இன்று அமெரிக்கர்கள் அதைப் பிடிக்கிறார்கள். நம் ஊரில் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுக்கும் மீன் அங்கே வில்லன்!

சரி, நம் குளத்துக்கு வருவோம். அதைப் பாடாவின் கிளப் பையன்கள் குத்தகைக்கு எடுத்து வருஷாவருஷம் ருயி, கட்லா குஞ்சு விடுகிறார்கள். நான் முதன்முதலில் ரப்பர் தவளையை வீசிய அன்று பெரிய கூட்டம். "காக்கு பொம்மை வைத்து விளையாடுகிறார்" என்று குழந்தைகள் கத்தினார்கள். பாசியைத் தாண்டி வீசி, மெல்ல இழுத்து, இடைவெளி வந்ததும் நிறுத்தி, நுனியை மட்டும் ஆட்ட வேண்டும். இழுப்பதைவிட நிறுத்துவதில்தான் சூட்சுமம். நின்ற தவளையைத்தான் விரால் நம்புகிறது. வெடிச் சத்தம் கேட்டதும் நான் பதறி இழுத்தேன், தவளை என் மூக்கருகே பறந்து வந்தது. நாலைந்து தடவை இப்படி அவமானப்பட்ட பிறகுதான் பாடம் வந்தது: சத்தத்துக்கு இழுக்காதே, கையில் கனம் தெரியும்வரை இரண்டு எண்ணு, பிறகு முழு பலத்தோடு இழு. அதன் வாய் எலும்பு. மென்மையாக இழுத்தால் முள் ஏறாது. கோலும் குட்டையாக, விறைப்பாக இருக்க வேண்டும், பின்னல் நூலும் தடித்திருக்க வேண்டும். பாசிக்குள் தலையை விட்டுவிட்டதென்றால் மீனோடு பத்து கிலோ கச்சுரிபானாவையும் இழுக்க வேண்டியிருக்கும். விரலை வாய்க்குள் விடவே கூடாது, பல் இருக்கிறது, குறடு அவசியம்.

மூன்று வருஷத்துக்கு முன் ஆனி மாதம். கிளப் செயலாளர் என் வீட்டுக்கே வந்தார். "காக்கு, ஒரு ஜோடி ஷோல் எங்கள் குஞ்சையெல்லாம் தின்கிறது. நீங்கள்தான் எடுத்துத் தரவேண்டும். இந்த வருஷமும் மீன் தேறவில்லையென்றால் வீட்டுக்காரர்கள் குத்தகையை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் ராத்திரியில் ராபிஷ் விழ ஆரம்பிக்கும்" என்றார். ராபிஷ் என்றால் இடித்த கட்டடத்துக் கல்லும் மண்ணும். 1984-ஆம் வருஷத்து மேற்கு வங்க உள்நாட்டு மீன்வளச் சட்டத்தில் 1993-ல் ஒரு பிரிவு சேர்த்தார்கள். 5 கட்டாவும் அதற்கு மேலும் உள்ள நீர்நிலையைத் தூர்ப்பது குற்றம். ஆனால் மீன் வளரும் குளத்தில் நாலு பேர் கண் இருக்கும், கேட்பாரற்ற குட்டைக்கு யார் சாட்சி? இந்தப் பக்கத்தில் நான் நடந்து பார்த்த குளங்களில் சில இன்று ஐந்து மாடி வீடுகள். ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை. படித்துறைக்கு எதிர்மூலையில், பாசி விலகி வட்டமாகத் தண்ணீர் தெரிந்தது. தவளையை அதன் நடுவில் வைத்து நிறுத்தியதுதான் தாமதம், இரண்டு எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல் வந்து விழுந்தது அடி. பத்து நிமிஷப் போராட்டம். கரைக்கு வந்தபோது இரண்டு கிலோவுக்குக் குறையாது. கையில் பிடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அந்த வட்டத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல் சிறு குமிழ்கள். குங்குமப்பூ நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள், உருண்டையாக, மூச்சுவிட மேலே வந்து போய்க்கொண்டிருந்தன. பசிக்காக அது தவளையைக் கடிக்கவில்லை. பிள்ளைகளை விட்டு விரட்டக் கடித்திருக்கிறது.

எனக்குப் பத்து வயதில் இதே காட்சி. மாமா தாய் விராலை எடுத்த அரை மணி நேரத்தில் கெண்டையும் கொக்குமாகச் சேர்ந்து அந்தச் செந்நிறக் கூட்டத்தைத் துடைத்துவிட்டன. மாமா திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டேன். செயலாளரிடம், "அடித்தது, நழுவிவிட்டது" என்றேன். ஐம்பது வருஷம் இந்த ஊரில் சோறு தின்றவன், என்னைக் காக்கு என்று கூப்பிடும் பிள்ளையிடம் பொய் சொன்னேன். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஒரு மீனுக்காகக் குளத்தையே இழந்துவிட்டால்? மூன்றாம் நாள் கிளப்புக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஒருவன் சிரித்தான், ஒருவனுக்கு நிஜமாகவே கோபம். "குஞ்சுக்குப் பணம் போட்டவர்கள் நாங்கள், காக்கு" என்றான். அவன் சொன்னது நியாயம்தான்.

ஒரு யோசனை சொன்னேன். ஒரு மாதம் பொறுங்கள், குஞ்சுகள் பெற்றோரை விட்டுப் பிரிந்துவிடும், அப்புறம் பெரியதுகளை எடுத்துத் தருகிறேன். இந்த வருஷம் நெல் அளவுக் குஞ்சை விடாமல், தாமதமாக, விரல் நீளத்துக்கு மேல் வளர்ந்த குஞ்சாக விடுங்கள், எளிதில் வாயில் அகப்படாது. கூடுதல் விலையில் பாதி என்னுடையது. நெடுநேரம் வாதாடி ஒப்புக்கொண்டார்கள். சின்ன விரால்களை அவர்களே புழு கோத்துப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு.

ஆவணியில் மழை கொட்டித் தண்ணீர் டீ நிறமாகிவிட்டது. ரப்பர் தவளையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்போதுதான் ஸ்பின்னர்பெய்ட்டின் அருமை புரிந்தது. கலங்கலில் கண் வேலை செய்யாது. மீனின் விலாவில் ஓடும் உணர்கோடு வேலை செய்யும். தகடு சுழலும் அதிர்வு அதற்கு எட்டுகிறது. பாசி விளிம்பை ஒட்டி மெதுவாக, தகடு சுழல்வது கைக்குத் தெரியும் அளவுக்கு மட்டும் சுற்றிக்கொண்டு வந்தேன். ஒரு குச்சியில் தட்டி, இழையைத் தளர்த்தி விழவிட்டபோது கனம் ஏறியது. ஜோடியில் ஒன்று. செயலாளரின் அம்மாவுக்கு அப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருந்தது. மீன் அந்த வீட்டுக்குப் போயிற்று.

மற்றது இன்றுவரை அகப்படவில்லை. தவளை, தகடு, எல்லாம் காட்டியாயிற்று. கிளப்பில் என்னைப் பார்த்தால், "காக்கு, நிஜமாகவே நழுவுகிறதா?" என்று கேட்கிறார்கள். நிஜமாகவேதான் நழுவுகிறது. இப்போது தவளையின் முட்களில் கொக்கியை நசுக்கிவிட்டேன் என்பதை மட்டும் அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. குத்தகை தொடர்கிறது. போன தை மாதம் வலை போட்டபோது எங்கள் வீட்டுக்கும் ஒரு கட்லாத் தலை வந்தது. ஞாயிறு காலை ஆறு மணிக்குப் படித்துறையில் நின்றால் எதிர்மூலையில் அந்த 'க்ளக்' கேட்கும். வர விரும்புகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், படி வழுக்கும்.