இங்கிலாந்தில் கலை, வடிவமைப்பு உயர்கல்விக்கு அயல்நாட்டு மாணவரை ஆயத்தப்படுத்துதல்

ஆய்வுச்சுருக்கம்

இங்கிலாந்தில் கலை, வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேரும் அயல்நாட்டு மாணவரின் இடர்ப்பாடு ஆங்கிலத் தேர்ச்சிக் குறைவால் மட்டும் எழுவதன்று. படைப்புக்கூட வகுப்பின் சொல்லப்படாத மரபுகளை அறியாமையாலும் எழுகிறது. அம்மரபுகளை வெளிப்படையாகக் கற்பிப்பதே ஆயத்தப் படிப்பின் முதன்மைப் பணி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வடிவமைப்புக் கல்வி, அடித்தளப் படிப்பு, வரைகுறிப்பேடு, குழுத் திறனாய்வு, உள்ளுறை அறிவு.

முன்னுரை

சீனாவின் கலைக்கல்லூரி நுழைவுத்தேர்வுகள் பெரும்பாலும் கோட்டோவியம், வண்ணம், விரைவரைவு ஆகியவற்றைச் சோதிப்பன. அத்தேர்வுக்கெனப் பயின்ற ஒருவர் சுண்ணச் சிலையின் தலையை ஒளிநிழல் பிறழாது வரைய வல்லவர். அத்தகையவர் இலண்டன் கல்லூரியொன்றில் செப்பமான ஓவியத்தை முன்வைக்கும்போது, ஆசிரியர் அதைப் பாராட்டாமல், இதை அடையுமுன் என்னென்ன முயன்றீர் என வினவக்கூடும். முயற்சிகளின் பதிவைக் காட்ட இயலாத நிலையில், திறன்மிக்க மாணவரே பின்தங்கியவராக மதிப்பிடப்படுகிறார். இம்முரண் எதனால் நேர்கிறது என்பது ஆராயத்தக்கது.

வரலாற்றுப் பின்னணி

1919இல் வைமர் நகரில் தொடங்கப்பட்ட பௌஹவுஸ் பள்ளியில் யோகன்னஸ் இட்டன் ஒரு முன்பயிற்சி வகுப்பை நடத்தினார். முன்பு கற்ற வழக்கங்களிலிருந்து மாணவரை விடுவித்து, பொருள், வடிவம், வண்ணம் ஆகியவற்றைத் தாமே சோதித்தறியச் செய்வது அதன் நோக்கம். பிரிட்டனில் 1960ஆம் ஆண்டின் கோல்ட்ஸ்ட்ரீம் அறிக்கை, மூன்றாண்டுப் பட்டயப் படிப்புக்கு முன்னர் ஓர் ஆயத்தப் படிப்பைப் பரிந்துரைத்தது. இன்றுள்ள ஓராண்டு அடித்தளப் படிப்பு இம்மரபில் வந்ததாகும். பல துறைகளைத் தொட்டறிதல், ஒரு துறையைத் தெரிதல், தற்சார்புத் திட்டம் ஒன்றை நிறைவேற்றுதல் என மூன்று படிநிலைகளில் அது அமைவது வழக்கம். இவ்வாண்டைப் பயிலாது நேரே பட்டப்படிப்பில் சேர்பவர், பிறர் முன்பே பழகிய முறைகளைப் புதிதாக எதிர்கொள்கிறார்.

சொல்லப்படாத மூன்று மரபுகள்

முதலாவது, பணிக்குறிப்பு. 'எல்லை' என்ற ஒரு சொல்லே பணியாகத் தரப்படலாம். விடையைத் தேடுவதன்று, வினாவை வரையறுப்பதே அங்கு மாணவரின் வேலை.

இரண்டாவது, வரைகுறிப்பேடு. அது அழகிய படங்களின் தொகுப்பன்று. தவறிய முயற்சிகள், கைவிட்ட வழிகள், பிற கலைஞரிடமிருந்து கற்றவை அனைத்தும் காரணத்துடன் பதியப்படும் சான்றாவணம். முன்னோடியைப் பார்த்து வரைதலைக் கற்றல்முறையாகக் கொண்ட மரபினர், மூலத்தைச் சுட்டாதுவிடின் கருத்துத் திருட்டு என்னும் பழிக்கு ஆளாக நேரும்.

மூன்றாவது, 'கிரிட்' எனப்படும் குழுத் திறனாய்வு. மாணவர் தம் படைப்பைச் சகமாணவர் முன்வைத்து விளக்க, அவர்கள் அதன்மீது கருத்துரைப்பர். "இதைப் பெரிய அளவில் செய்து பார்க்க எண்ணியதுண்டா?" என ஆசிரியர் கேட்பது வடிவில் வினா; பொருளில் பெரும்பாலும் அறிவுறுத்தல். "இல்லை" என்று விடையளித்து அமரும் மாணவர் சொற்களைப் புரிந்துகொண்டார்; குறிப்பைப் புரிந்துகொள்ளவில்லை. ஐஇஎல்டிஎஸ் போன்ற பொது மொழித்தேர்வுகள் இத்தகைய உரையாடலை அளப்பதற்கு வகுக்கப்பட்டவையல்ல.

ஆயத்தப் படிப்பின் பணி

மைக்கேல் பொலானி 1966இல் வெளியிட்ட நூலில் விளக்கிய உள்ளுறை அறிவு என்னும் கருத்து இங்குப் பொருந்தும். செய்து பழகியவரிடம் உள்ள அறிவு முழுவதும் சொல்லில் அடங்குவதன்று. எனினும் அதன் ஒரு பகுதியையேனும் வெளிப்படையாக்க இயலும். முந்தைய மாணவரின் குறிப்பேடுகளை, அவற்றுக்குரிய மதிப்பீட்டுடன், இசைவு பெற்றுக் காட்டலாம். சிறு குழுக்களில் திறனாய்வை ஒத்திகை பார்க்கலாம். ஆசிரியர் கூற்றுகளைப் பதிவுசெய்து, எது வினா, எது அறிவுறுத்தல் எனப் பகுத்தாயலாம். இதற்கு மொழியாசிரியரும் வடிவமைப்பு ஆசிரியரும் ஒரே வகுப்பில் இணைந்து கற்பித்தல் வேண்டும்.

முடிவுரை

ஆயத்தப்படுத்துதல் என்பது மாணவர் கொண்டுவந்த பயிற்சியை அழித்தலன்று. அதனருகே மற்றொரு மரபை வைத்து, இரண்டையும் ஒப்புநோக்கச் செய்தலாகும். மரபுகள் வெளிப்படையாகும்போது, கலைச்சூழலில் வளராத உள்நாட்டு மாணவரும் பயன்பெறுவர். ஆகவே, மாணவரிடம் காணப்படும் குறை எது, நிறுவனம் சொல்லாமல் விட்டது எது என்று பிரித்தறிவதே மதிப்பிடுவோரின் முதற்கடமையாகும்.