மேப்பில் கன்னியாகுமரியைத் தொட்டால் நீலகிரி திறக்குதா? காரணம் இதுதான்!

மழை சீசன் வந்துட்டா போதும், 'உங்க மாவட்டத்தைத் தொட்டுப் பாருங்க' என்று ஒரு தமிழ்நாடு மேப் செய்தித் தளங்களில் வந்துவிடும். தொட்டால் அந்த மாவட்டத்தின் மழை எச்சரிக்கை, பள்ளி விடுமுறை எல்லாம் தனிப் பக்கமாகத் திறக்கும்.

ஆனா அந்த மேப்பைச் சரியாகச் செய்யலைன்னா, போனில் நாகர்கோவில் பக்கம் தொட்டவருக்கு நீலகிரி பக்கம் திறக்கும். சென்னையைத் தொட்டவருக்கு எதுவுமே திறக்காது. போன் ஹேங் ஆயிடுச்சோன்னு நாலு தடவை தட்டிப் பார்ப்போம். கோளாறு போனில் இல்லை, மேப்புக்குள் எழுதி வைத்த எண்களில்.

படம் ஒண்ணு, லிங்க் 38. எப்படி?

சாதாரணமாக ஒரு படத்துக்கு ஒரு லிங்க்தான் கொடுக்க முடியும். ஒரே படத்தில் பல இடங்களுக்குத் தனித்தனி லிங்க் கொடுக்கும் முறைக்குப் பெயர் 'இமேஜ் மேப்'. பேரில்தான் மேப் இருக்கு. மனித உடல் படம், வீட்டு பிளான், குரூப் போட்டோ என எதற்கும் இதைச் செய்யலாம்.

இது இணையத்தின் ஆரம்பக் காலத்திலேயே வந்த சங்கதி. அப்போ நீங்க படத்தில் எங்கே கிளிக் பண்ணினீங்க என்ற எண் சர்வருக்குப் போகும். அது எந்த இடம் என்று சர்வர் பார்த்துப் பதில் அனுப்பணும். அந்த வேலையை பிரவுசரே செய்துகொள்ளும் முறையும் சீக்கிரமே வந்தது. 1997-ல் வெளியான ஹெச்டிஎம்எல் 3.2-லேயே அது இருக்கு. இன்றைக்கும் அதே முறைதான்.

நீங்களே செய்து பார்க்கலாம்

முதலில் ஒரு படம் வேணும். 1000 பிக்சல் அகலத்தில் தமிழ்நாடு மேப் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் இடது மேல் மூலைதான் பூஜ்யம். அங்கிருந்து வலப்பக்கம் எத்தனை பிக்சல், கீழே எத்தனை பிக்சல் என்ற இரண்டு எண்கள்தான் ஒரு புள்ளியின் முகவரி. பெயிண்ட்டில் படத்தைத் திறந்து மவுஸை நகர்த்தினாலே, கீழே அந்த எண்கள் ஓடும்.

ஹெச்டிஎம்எல்-லில் படத்துக்கு 'யூஸ்மேப்' என்று ஒரு பெயர் கொடுக்கணும். அதே பெயரில் ஒரு 'மேப்' டேக் திறந்து, உள்ளே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு 'ஏரியா' டேக். பெயர் ரெண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கணும், 'யூஸ்மேப்'பில் மட்டும் பெயருக்கு முன்னால் ஹேஷ் குறி. இந்த ஒரு குறியை விட்டுட்டு, ஏன் வேலை செய்யலைன்னு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

'ஏரியா'வுக்கு மூன்று வடிவங்கள் உண்டு. செவ்வகத்துக்கு எதிரெதிர் மூலைகளின் நாலு எண்கள். வட்டத்துக்கு மையப் புள்ளி, ஆரம் என மூன்று எண்கள். மாவட்டம் மாதிரி கோணல்மாணலான வடிவத்துக்கு 'பாலி'. எல்லையைச் சுற்றிப் புள்ளிகளை வரிசையாகக் கொடுத்தால், கடைசிப் புள்ளியை முதல் புள்ளியோடு பிரவுசரே சேர்த்துக்கொள்ளும். எல்லைக்கோட்டின் ஒவ்வொரு வளைவுக்கும் புள்ளி வைக்கணும்னு அவசியமில்லை, நம்ம விரலுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது! கையால் எண்ண முடியாதுன்னா, இலவச மென்பொருளான கிம்ப்பில் இதுக்கென்றே ஒரு வசதி இருக்கு.

நாகர்கோவில் எப்படி ஊட்டி ஆச்சு?

நீங்க எழுதிய எண்கள் எல்லாம் 1000 பிக்சல் படத்துக்கானவை. போனில் அந்தப் படம் சுமார் 400 பிக்சல் அகலத்துக்குச் சுருங்கும். படம் சுருங்கும், ஆனா எண்கள் சுருங்காது!

விளிம்பு விடாமல் வெட்டிய 1000 பிக்சல் மேப்பில், நாகர்கோவில் தோராயமாக 290, 1325 என்ற இடத்தில் வரும். போனில் அது 116, 530-க்கு வந்துவிடும். பழைய கணக்கில் அந்த இடத்தில் இருப்பது ஊட்டி. அதனால் நீலகிரி திறக்குது. சென்னை சுருங்கி வந்து நிற்கும் இடம், பழைய கணக்கில் கர்நாடகா பக்கம். அங்கே எந்த லிங்க்கும் இல்லை, அதனால்தான் அமைதி.

இதுக்கு வழி, படம் இப்போது தெரியும் அகலத்தை ஒரிஜினல் அகலத்தால் வகுத்து, எல்லா எண்களையும் அதால் பெருக்கும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட். இங்கே 400-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.4. போனைப் படுக்கவைத்துப் பார்த்தால் அகலம் மாறும், அப்போ திரும்பவும் கணக்குப் போடணும். கம்ப்யூட்டரில் மட்டும் செக் பண்ணினால் இந்தத் தப்பு கண்ணிலேயே படாது.

சென்னைக்கு விரல் பத்தாது

எண்கள் சரியானாலும் இன்னொரு சிக்கல். சென்னை மாவட்டத்தின் பரப்பு சுமார் 426 சதுர கி.மீ. 400 பிக்சல் மேப்பில் அது ஏறக்குறைய 18 பிக்சல் பொட்டு. தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் இருக்கணும்னு இணைய அணுகல் வழிகாட்டி 2.2 சொல்லுது. ஆப்பிள் கேட்பது 44. அதாவது சென்னையைத் தொட்டால் திருவள்ளூரோ செங்கல்பட்டோ திறக்க நல்ல வாய்ப்பு.

இங்கே ஒரு சின்ன தந்திரம் இருக்கு. இரண்டு 'ஏரியா' ஒன்றின் மேல் ஒன்று வந்தால், முதலில் எழுதியதுக்குத்தான் முன்னுரிமை. சென்னையை முதல் வரியில் எழுதி, 55 பிக்சல் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்க. வலது பக்கம் கடலுக்குக் கொஞ்சம் இடம் விட்டுப் படத்தை வெட்டினால், வட்டத்தைக் கடல் பக்கம் தள்ளலாம். வங்கக்கடலுக்கு லிங்க் எதுவும் இல்லை, யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க.

பழைய மேப்பை எடுத்து ஒட்டாதீங்க

2019-க்கு முன் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். இப்போ 38. பழைய படத்தையும் பழைய எண்களையும் அப்படியே போட்டால், குற்றாலத்தில் குளிக்கலாமான்னு பார்க்க வருபவருக்குத் தென்காசி இருக்காது, திருநெல்வேலிதான் திறக்கும். மயிலாடுதுறைக்காரருக்கு நாகப்பட்டினத்தின் விடுமுறைச் செய்தி வரும். பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று காலை 6 மணிக்குப் பார்ப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒவ்வொரு 'ஏரியா'விலும் 'ஆல்ட்' என்ற இடத்தில் மாவட்டத்தின் பெயரையும் எழுதணும். பார்வையற்றவர்களின் போனில் டாக்பேக் படிப்பது அதைத்தான். அதை விட்டால், 'தஞ்சாவூர்' என்பதற்குப் பதில் புரியாத லிங்க் முகவரிதான் காதில் விழும்.

ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட் என்று மணிக்கொரு நிறம் மாறும் மேப்புக்கு இமேஜ் மேப் ஒத்துவராது, ஒவ்வொரு தடவையும் படத்தையே மாத்தணும். அதுக்கு எஸ்விஜி தான் சரி. அதில் ஒவ்வொரு மாவட்டமும் தனி வடிவம் என்பதால் நிறத்தை மட்டும் மாற்றலாம், சுருங்கும்போது லிங்க்கும் சேர்ந்தே சுருங்கும். எதைச் செய்தாலும் மேப்புக்குக் கீழே 38 மாவட்டப் பெயர்களையும் அகர வரிசையில் லிங்க்காகப் போட்டுடுங்க. நெட் இழுத்து மேப் வரலைன்னாலும், அந்த லிஸ்ட் வந்துடும்.